கொல்லைப்புறத்து மாப்பிள்ளை

வானொலியில் வானிலை அறிக்கை கேட்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர் புதிதாக இராது. மழைக் காலம் வந்துவிட்டால் நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, "அதிராம்பட்டினம்" என்று ஒரு நிறுத்து நிறுத்துவார்கள். ஊரில் வானிலை நிலையம் இருப்பதால் கிடைத்த கீர்த்தி அது. மற்றபடி பட்டுக்கோட்டைக்குத் தெற்கே 12 கிலோமீட்டரில், காவிரித் தண்ணீர் வந்து சேருவதற்குள் களைத்துப் போகிற கடைமடையில், ஒரு பக்கம் தென்னந்தோப்பும் ஒரு பக்கம் உப்பளமுமாகக் கிடக்கிற ஊர்.

என் வீட்டுக்காரருக்கு உப்பு வியாபாரம். காலையில் எழுந்தால் வெள்ளை, மத்தியானம் வெள்ளை, சாயங்காலமும் அதே வெள்ளை. கண் பூத்துப் போகும். அதனால்தானோ என்னவோ, அவருக்கு வர்ணத்தின் மேல் ஒரு பைத்தியம். சட்டை வாங்கினால் கிளிப் பச்சை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் மாம்பழ மஞ்சள். இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். 2015-ஆம் வருஷம் தை மாதத்தில் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், தாம்பூலப் பையோடு ஒரு பெரிய மூங்கில் கூடையையும் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். கூடைக்குள் ஏதோ புரண்டது.

"என்னங்க இது?"

"கோழி."

"கோழி வாங்கவா சென்னைக்குப் போனீங்க? பின் வீட்டு ராத்தாகிட்ட கேட்டா இரண்டு கொடுப்பாங்களே!"

"இது அந்தக் கோழி இல்லை. சீனத்துக் கோழி. பெசண்ட் என்று பேர்."

"என்ன விலை?"

"இரண்டாயிரம்" என்றார், கூடையைப் பார்த்துக்கொண்டே.

பதினைந்து வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு, கணவன் முகத்தைப் பார்க்காமல் சொல்லும் விலை எந்த விலை என்று தெரியாதா? 14,000 ரூபாய் என்பது மூன்றாம் நாள் சட்டைப் பையைத் துவைக்கப் போட்டபோது வெளியே வந்தது. என் மாவு அரைக்கும் இயந்திரம் பழுதாகி நான்கு மாதமாக அம்மியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த சமயம் அது. அன்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் இந்தக் கட்டுரை தொடர்கதையாகிவிடும். விட்டுவிடுகிறேன்.

கூடையைத் திறந்ததும் முதலில் இரண்டு பெட்டைகள் வந்தன. தவிட்டு நிறம், அதில் கறுப்புக் கோடுகள். "இதற்கா?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் சேவல் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

எப்படிச் சொல்லுவது? தலையிலே பொன்னிறப் பட்டு நூலைச் சீவி விட்டாற்போல் ஒரு கொண்டை. கழுத்திலே ஆரஞ்சு வர்ணத்தில் கறுப்புக் கரை போட்ட ஒரு மேலங்கி. மார்பும் வயிறும் குங்குமச் சிவப்பு. முதுகிலே கொஞ்சம் பச்சை, இறக்கையிலே கொஞ்சம் நீலம். உடம்பைப் போல் இரண்டு மடங்கு நீளத்துக்கு வால். காஞ்சிபுரத்துக் கடையில் நூறு புடவையைப் பிரித்துப் போட்டாலும் இத்தனை வர்ணத்தை ஒன்றாகப் பார்க்க முடியாது. பெட்டையை மயக்க வேண்டும் என்று தோன்றிவிட்டால், அந்த மேலங்கியை விசிறி மாதிரி விரித்து முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் பார்க்கும். நாடக மேடையில் ராஜபார்ட்டு வந்து நிற்கிற மாதிரி இருக்கும். பெட்டை தானியம் பொறுக்கிக்கொண்டே இருக்கும்!

இதற்கு என்ன பெயர் என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. பாத்திரம் தேய்க்க வருகிறவள் அது கின்னிக்கோழிதான் என்று சாதித்தாள். என் மாமியார், "செம்போத்து ஜாதி" என்றார். அதில் ஒரு வேடிக்கை. நம் வேலியோரத்துச் செம்போத்துக்கு வெள்ளைக்காரர்கள் 'காக்கைப் பெசண்ட்' என்று பேர் வைத்திருந்தார்கள். அதுவோ குயிலுக்குச் சொந்தம். பெசண்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. உண்மையான உறவுக்காரர்கள் யார் என்றால், மயில். அதுவும் இந்தக் குலம்தான். காட்டுக்கோழியும் இந்தக் குலம். அந்தக் காட்டுக்கோழியின் வம்சத்தில் வந்ததுதான் நாம் முட்டைக்கும் குழம்புக்கும் வளர்க்கிற கோழி. ஆக, பின் வீட்டுக் குப்பை மேட்டில் கிளறிக்கொண்டிருந்த ராத்தாவின் கோழிகளுக்கு, சீனத்து மலைக் காட்டிலிருந்து பணக்காரப் பங்காளி வந்து இறங்கின மாதிரி ஆயிற்று.

பெயர்ச் சண்டையைத் தீர்த்து வைத்தவரும் அந்த ராத்தாதான். எங்கள் கொல்லைச் சுவருக்கு மேலே அவர் தலை தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கதவும் உண்டு. அதைப் பூட்டி நான் பார்த்ததில்லை. சேவலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, இது வேலை ஏதாச்சும் செய்யுமா?"

"ஒன்றும் செய்யாது ராத்தா. நன்றாகச் சாப்பிடும். அலங்காரம் பண்ணிக்கொண்டு நிற்கும்."

"அப்படின்னா மாப்பிள்ளைன்னு சொல்லு! எங்க ஊரு மாப்பிள்ளை மாதிரி பொண்ணு வீட்டோட வந்துட்டான்!"

அதிராம்பட்டினத்து இஸ்லாமியக் குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வது வழக்கம். ராத்தா தம் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார். அன்றிலிருந்து சேவலுக்கு 'மாப்பிள்ளை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாராவது மைனாவையும் கிளியையும் கூண்டில் அடைத்து வைத்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை வீட்டில் வளர்க்கக் கூடாது. பச்சைக்கிளி, மைனா, காட்டுக்கோழி, மயில் எதுவும் கூடாது. மயில் 1963-இல் தேசியப் பறவை ஆயிற்று. இமயமலையில் இருக்கிற நம் நாட்டுப் பெசண்டுகளும் அப்படியே. எங்களுடையது அயல் நாட்டு இனம். வளர்ப்பில் பிறந்து வளர்ப்பில் பெருகியது. அதனால் தடையில்லை. ஆனால் 2022-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, வெளிநாட்டுப் பிராணிகளிலும் சில இனங்களுக்குப் பதிவு வேண்டும் என்று ஏற்பாடு. ஆசைப்படுகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தப் பறவைப் பைத்தியம் என் வீட்டுக்காரருக்கு மட்டும் வந்ததில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு, 1786-இல் பிரெஞ்சுக்காரரான லஃபாயெத் இதே பொன் பெசண்டுகளை அனுப்பி வைத்தாராம். பிரெஞ்சு மன்னரின் பறவைச் சாலையிலிருந்து கப்பலேறி வந்தவை. அவை அதிக நாள் தங்கவில்லை. இறந்ததும் சார்லஸ் பீல் என்கிற ஓவியர் வாங்கிக்கொண்டு போய்ப் பஞ்சடைத்துத் தம் காட்சிசாலையில் வைத்தார். இன்றைக்கும் அவை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றனவாம். இதை அவரிடம் சொன்னேன். "பார்த்தாயா, ஜனாதிபதி வளர்த்த பறவை!" என்று அதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். செத்துப் போன பகுதி அவர் காதில் விழவில்லை.

கூடு கட்டியது பெரிய சம்பிரமம். கொல்லையில் மாமரத்துக்கும் தென்னைகளுக்கும் நடுவில் 20 அடி நீளம், 10 அடி அகலம். நிழல் இல்லாமல் இந்தப் பறவையை வைக்கக் கூடாது. வெயில் பட்டால் பறவைக்கும் ஆகாது, அதன் பொன்னுக்கும் ஆகாது. சாயம் போன பட்டு மாதிரி வெளுத்துவிடும். கம்பி வலையை ஒன்றரை அடி மண்ணுக்குள் இறக்கினோம், கீரியும் பெருச்சாளியும் குடைந்துகொண்டு வராமல் இருக்க. மரநாய்க்காக மேலேயும் கம்பி. பாதிக் கூரைக்குத் தகரம். எல்லாம் சரி, எங்கள் ஊர் உப்புக் காற்றை யார் தடுப்பது? இரண்டு வருஷத்தில் கம்பி துருப்பிடித்துப் பொடிப் பொடியாக உதிர்ந்தது. மறுபடியும் செலவு.

அந்தச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவர் வலையைப் பற்றிச் சொன்னார்.

இந்தப் பறவைக்கு ஒரு சுபாவம். பயந்தால் ஓடாது, பக்கவாட்டில் பறக்காது. பட்டாசு மாதிரி நேரே மேலே கிளம்பும். காட்டில் அது உயிர் பிழைக்கிற வழி. கூட்டில் மேலே கம்பி இருக்கிறது. மண்டை அடிபட்டு, தோல் கிழிந்துவிடும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் கம்பிக் கூரைக்கு ஓர் அடி கீழே மெல்லிய நைலான் வலையைத் தொய்வாகக் கட்டுவார்களாம்.

"எவ்வளவு ஆகும்?" என்றேன்.

"1,800 ரூபாய்."

"வேண்டாம்."

"இல்லை, சேவலுக்கு..."

"வேண்டாம் என்றால் வேண்டாம். இதுவரைக்கும் அதற்கு மண்டை நன்றாகத்தானே இருக்கிறது? பயமுறுத்தாமல் பார்த்துக்கொண்டால் போச்சு."

அவர் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக் கணக்கு என் கையில். நான் சாதித்துவிட்டேன் என்று அன்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வருஷம் அவருடைய பறவைகளாக இருந்தவை, இரண்டாம் வருஷம் என் தலையில் விழுந்துவிட்டன. அவர் பாதி நாள் தூத்துக்குடி, வேதாரண்யம் என்று அலைகிறவர். கம்பும் உடைத்த கோதுமையும் வைப்பது யார்? முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவது யார்? வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போட்ட தேதியை நாள்காட்டியில் குறிப்பது யார்? எல்லாம் நான்தான். மாவு இயந்திரத்துக்காகப் போட்ட சண்டை பாதியில் நின்று போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பங்குனி பிறந்தால் முட்டை வைக்கும். வெளிர் மஞ்சள் பூத்த சின்ன முட்டை. ஆனால் எங்கள் பெட்டைகளுக்குத் தாய்மை என்பதே மறந்துவிட்டது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று போட்டுவிட்டு, யாரோ கொண்டுவந்து வைத்தார்கள் என்கிற மாதிரி போய்விடும். முதல் வருஷத்து முட்டை அத்தனையும் வீணாயிற்று. மறு வருஷம் ராத்தா, தம் வீட்டு அடைக்கோழியைக் கையில் இடுக்கிக்கொண்டு சின்னக் கதவு வழியாக வந்தார்.

"இது எதைக் கொடுத்தாலும் உட்காரும். போன தடவை வாத்து முட்டைக்கு உட்கார்ந்துச்சு."

ஒன்பது முட்டை வைத்தோம். கோழி முட்டை 21 நாளில் பொரியும். இது 22, 23 நாள் ஆகும். அந்த இரண்டு நாளுக்குள் கோழி எழுந்து போய்விடுமோ என்று எனக்கு அடி வயிற்றில் கலக்கம். எழுந்திருக்கவில்லை. ஏழு குஞ்சு பொரிந்தது. கட்டை விரல் பருமன், முதுகிலே கோடு. பொரிந்த மறு நாளே ஓட்டம்.

குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும். என் மாமியாருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று: பழைய பானைக்குள் வைக்கோலும் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடுகிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பது. விடிந்து திறந்தால் பானை நிறையக் கரையான். காலையில் பானையைத் தட்டிக் கொட்டினால், குஞ்சுகள் விழுந்தடித்துக்கொண்டு தின்பதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடும். அந்த ஏழில் நான்கு, கோடை மழையில் ஒரு நாள் நனைந்து போய்ச் செத்தன. ஈரம்தான் இவற்றுக்கு எமன். மற்ற மூன்றை அவர் வளர்த்துக் கும்பகோணத்துச் சிநேகிதர் ஒருவருக்குக் கொடுத்தார். 2018-இல் ஆடி மாதத்தில், பருவம் தப்பி, கடைசியாக ஒரே ஒரு குஞ்சு பொரிந்தது. தவிட்டு நிறத்தில் தாயைப் போலவே வளர்ந்தது. பெட்டை என்று முடிவு கட்டினோம்.

அந்த வருஷம் கார்த்திகை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கஜா புயல் வந்தது.

நவம்பர் 15-ஆம் தேதி. அவர் தூத்துக்குடியில் இருந்தார். புயல் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவில் கரை கடக்கும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாகப்பட்டினத்துப் பக்கம் போய்விடும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவரிடமிருந்து தொலைபேசி.

"பறவைகளைப் பிடித்து உள்ளே வைத்துவிடு. நன்றாக இருட்டின பிறகு போ. விளக்கு அடிக்காதே. இருட்டில் அசையாமல் இருக்கும்; தடவிப் பிடித்துப் பஞ்சாரத்தில் போட்டு, மேலே சாக்கைப் போர்த்திவிடு."

"சரி" என்றேன். ஆனால் குடத்தில் தண்ணீர் பிடிப்பது, மெழுகுவத்தி தேடுவது, அத்தைக்கு மாத்திரை எடுத்து வைப்பது என்று ஒவ்வொன்றாக நேரம் போயிற்று. காற்றும் அத்தனை பலமாக இல்லை. ஒன்பதரை, பத்து மணிக்குத்தான் கொல்லைக் கதவைத் திறந்தேன். அதற்குள் மின்சாரம் போய்விட்டது. மழை ஊசி மாதிரி குத்திற்று.

பெட்டைகள் இரண்டும் தாழ்ந்த கழியில் ஒடுங்கிக் கிடந்தன. அவர் சொன்ன மாதிரியே அசையவில்லை. இரண்டையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தேன். குஞ்சையும் வைத்தேன். நான்காம் தடவை மாப்பிள்ளைக்காகப் போனேன். அது உச்சிக் கழியில். கையை நீட்டி வாலைத் தொட்டிருப்பேன். அந்தச் சமயத்தில் ஒரு காற்று வந்தது பாருங்கள், தகரக் கூரையில் ஒரு தகடு பிய்த்துக்கொண்டு, இடி மாதிரி சத்தத்தோடு போயிற்று.

மாப்பிள்ளை நேரே மேலே கிளம்பிற்று.

கம்பியில் மோதிய சத்தம் அந்தக் காற்றிலும் எனக்குக் கேட்டது. கீழே விழுந்ததைத் தடவி எடுத்தபோது உடம்பு சூடாக இருந்தது. தலைப் பக்கம் கையில் ஈரம் பட்டது. மழையா, வேறா என்று வீட்டுக்குள் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பஞ்சாரத்தில் வைக்கவில்லை. மடியில் பழைய துண்டைப் போட்டு வைத்துக்கொண்டேன்.

நள்ளிரவுக்குப் பிறகு புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கடந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். அந்த நேரத்தில் எங்களுக்கு, எங்கள் வீட்டு முற்றத்தில்தான் கடக்கிறது என்று தோன்றிற்று. சின்னக் கதவு தடதடவென்று அடித்துக்கொண்டது. ராத்தா வீட்டு ஓடு பறந்துவிட்டது. அவர், அவர் வீட்டுக்காரர், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள், எல்லோரும் தலையில் பாயைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நடு அறையில் ஏழு பேர், மூன்று பஞ்சாரம், ஒரு மெழுகுவத்தி. அத்தை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ராத்தா உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். வெளியே மரம் முறிகிற சத்தம், ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன், அப்புறம் எண்ணவில்லை. எப்போது மடியில் இருந்தது அடங்கிற்று என்று எனக்குத் தெரியாது.

விடிந்து கதவைத் திறந்தால், வெளிச்சம் கண்ணைக் கூசியது. கொல்லையில் ஒன்பது தென்னை இருந்தன; இரண்டு நின்றன. மாமரம் வேரோடு சாய்ந்து கூட்டின் மேல் கிடந்தது. கூடு இருந்த இடம் தெரியவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று அந்த வட்டாரம் முழுதும் அதே கதி. தென்னையை நம்பி இருந்த குடும்பங்கள் ஒரே ராத்திரியில் இருபது வருஷம் பின்னால் போய்விட்டன. அவர்களுடைய நஷ்டத்துக்கு முன்னால் என்னுடையது எம்மாத்திரம்? அதனால்தான் அன்றைக்கு யாரிடமும் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒன்று நடந்தது. அதை எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கடை திறக்கவில்லை. வழியெல்லாம் மரம். ராத்தா வீட்டு அரிசி நனைந்து போயிற்று. எங்கள் அரிசி ஏழு பேருக்கு இரண்டு வேளையில் அடி தட்டிவிட்டது. அடுத்த சந்திலிருந்து ஒரு குடும்பமும் கைக்குழந்தையோடு வந்திருந்தது. அத்தை என்னைப் பார்த்து, "அம்மாடி, பறவைக்கு வாங்கின கம்பு இருக்கே, ஒரு மூட்டை!" என்றார்.

இருந்தது. 25 கிலோ, அதில் பாதிக்கு மேல் மிச்சம். நான் ஒரு கணம் பேசாமல் நின்றேன். 'பறவைகளுக்கு என்ன செய்வது?' என்று நினைத்தேன். ஒரே கணம்தான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள், எனக்கு அந்த நினைப்பு வந்தது. ராத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்தார் என்பதை நானும் பார்த்தேன்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தேன். அத்தை உரலைக் கழுவினார். அந்த ராட்சச மாவு இயந்திரம் இருந்திருந்தாலும் மின்சாரம் ஏது? கம்பு இடித்து, மூன்று குடும்பத்துக்கும் ஒரே பானையில் கூழ். அடுப்புக்கு மாத்திரம் பஞ்சமில்லை. கொல்லை முழுதும் தென்னை மட்டை. கூழ் கொதிக்கிறபோது ராத்தா எழுந்து போய், மூட்டையில் கையை விட்டு இரண்டு பிடி அள்ளி, ஒரு கொட்டாங்கச்சியில் போட்டுப் பஞ்சாரத்துக்குள் வைத்தார்.

"அதுகளுக்கும் வயிறு இருக்குல்ல தங்கச்சி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் வந்தார். பட்டுக்கோட்டை வரைக்கும் எதிலோ தொற்றிக்கொண்டு வந்து, அங்கிருந்து விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருந்தார். செருப்பு அறுந்து கையில் இருந்தது. "அம்மா எங்கே? நீ நன்றாக இருக்கிறாயா?" என்றார். பறவையைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகத்தான் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய், மாமரத்து வேர்ப் பள்ளத்தில் மண் மூடியிருந்த இடத்தைக் காட்டினேன்.

"வலை கட்டியிருக்கணும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஊரில் இருந்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான். 1,800 ரூபாய் என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எதற்குமே யாரும் சொன்னதில்லை. மளிகைக் கணக்கில் வந்தால்கூட நான் 1,799 என்று எழுதிவிடுகிற மாதிரி ஆகிவிட்டது!

மின்சாரம் வர எங்கள் தெருவுக்கு இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் விழுந்த தென்னையிலேயே தூண் அறுத்து, அவரும் ராத்தாவின் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு சின்னக் கூடு கட்டினார்கள். நிழலுக்கு மரம் இல்லை. ஆனால் கீற்றுக்குக் குறைவா? அத்தை, ராத்தா, மருமகள், நான் நால்வரும் உட்கார்ந்து கீற்று முடைந்தோம். ராத்தா வீட்டுக் கூரைக்கு முதலில், பறவைக்கு அப்புறம்.

மூன்று பெட்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கும்பகோணத்துச் சிநேகிதருக்கே கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 2019 மாசி மாதத்தில், கொண்டுபோய் விடுவதற்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று ஒரு கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தார். 2012-இல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி விஷயங்களுக்கு ஆள் கிடைப்பது சுலபமாகியிருக்கிறது. அவர் இளைய பறவையை கையில் வாங்கி, வெளிச்சத்தில் அதன் கண்ணைப் பார்த்தார்.

"இது பெட்டை என்று யார் சொன்னது?"

"நாங்கள்தான்" என்றேன்.

"கண் வெளுத்து மஞ்சளாக இருக்கிறது, பாருங்கள். பெட்டைக்குப் பழுப்பாக இருக்கும். இங்கே மார்பிலும் பாருங்கள்."

இறகை விலக்கிக் காட்டினார். தவிட்டு நிறத்துக்கு நடுவில், குங்குமம் சிந்தின மாதிரி இரண்டு சிவப்பு இறகு. இந்த இனத்துச் சேவலுக்கு இரண்டாம் வருஷத்தில்தான் முழு வர்ணமும் வருமாம். அதுவரைக்கும் தாய் மாதிரியே திரிந்துகொண்டிருக்கும்.

அன்று சாயங்காலமே நான் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து பொட்டலத்தைப் பிரித்தபோது, அவர் விலையைக் கேட்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்காமலே இருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்கு நடுவில் ஒரு நாள் காலை. கம்பு போடப் போனேன். கீற்றுக் கூரைக்குக் கீழே, கழுத்து மேலங்கியை விசிறியாக விரித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றது. பெட்டை தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தது.

சுவருக்கு மேலே தலை தெரிந்தது.

"மாப்பிள்ளை வந்துட்டான் போலிருக்கே! சீர் என்ன குடுத்தே தங்கச்சி?"

"கொடுத்தாச்சு ராத்தா. மேலே பாருங்க" என்றேன்.

ராத்தா நிமிர்ந்து பார்த்தார். கம்பிக்கு ஓர் அடி கீழே, தொய்வாக, பச்சை நைலான் வலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.